மடலேறுதல்: காதல் ஊரையே மிரட்டும் பாடல்கள். நீங்கள் படித்தவற்றைப் பகிருங்கள்

சங்கப் பாடல்களில் மடலேறுதல் என்பது, காதலித்தவளைப் பெறுவதற்காகத் தலைவன் பனைமடலால் குதிரை செய்து, அதில் ஏறி ஊர்த்தெருவில் வருவது. குறுந்தொகை 17-லிருந்து தொடங்குகிறேன். பேரெயின் முறுவலார் பாடியது, நான்கே அடி.

மாவென மடலும் ஊர்ப, பூவெனக்
குவிமுகிழ் எருக்கங் கண்ணியும் சூடுப;
மறுகின் ஆர்க்கவும் படுப;
பிறிதும் ஆகுப காமங்காழ்க் கொளினே.

வினைகள் எப்படி ஏறுகின்றன பாருங்கள். முதலில் பனைமடலைக் குதிரையாக்கி ஏறுவது, அடுத்து யாரும் சூடாத எருக்கம்பூவைச் சூடுவது, பிறகு தெருவே கூடிக் கூச்சலிடுவது. கடைசியில் ‘பிறிதும் ஆகுப’, அதாவது வேறொன்றும் ஆவார்கள். சாவு என்ற சொல்லே வரவில்லை. ‘நான் செய்வேன்’ என்றும் தலைவன் எங்கும் சொல்லவில்லை. ‘செய்வார்கள்’ என்று பொதுவாகத்தான் பேசுகிறான், ஆனால் கேட்கும் தலைவியின் தோழிக்கு அது யாரென்று தெரியும். மிரட்டலின் நுட்பமே அதுதான். ‘காழ்’ என்பது மரத்தின் வைரம். காமம் வைரம் பாய்ந்துவிட்டால் அதை வளைக்க முடியாது.

———

பொருள்களையும் சேர்த்துக்கொள்ளலாம். குறுந்தொகை 173-இல் ஆவிரம்பூ மாலையும் மணியும் வருகின்றன, 182-இல் வெள்ளெலும்பு. கலித்தொகை 138 மயிற்பீலி, பூளை, ஆவிரை, எருக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுகிறது. பனைமட்டையைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், இரு ஓரத்திலும் கருக்கு ரம்பம் மாதிரி இருக்கும். அதன்மேல் உட்கார்ந்து இழுபட்டால் தொடை கிழியும். நற்றிணை 220 இந்தக் குதிரையை ‘உண்ணா நன்மா’ என்கிறது. கூடவே தெருத்தெருவாகச் சின்னப் பிள்ளைகள் சுற்றுகிறார்கள். தீனி தின்னாத குதிரை, பின்னால் பிள்ளைகள் கூட்டம்: பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு, ஏறியவனுக்கு உயிர்ப்பிரச்சினை.

———

பலர் இதைக் கைக்கிளையில், அதாவது ஒருதலைக் காதலில், சேர்த்துவிடுகிறார்கள், அது பிழை. தொல்காப்பியத்தில் கைக்கிளை என்பது காமம் சாலா இளமையோளிடம் (காதல் அறியும் பருவம் வராத சிறுமியிடம்) ஒருவன் தானே சொல்லி இன்புறுவது. ‘ஏறிய மடற்றிறம்’ பெருந்திணை, அதாவது பொருந்தாக் காதல். ‘ஏறிய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘ஏறுவேன்’ என்று சொல்வது ஒத்த காதலைச் சொல்லும் அன்பின் ஐந்திணைக்குள் நிற்கும், ஏறிவிட்டால் பெருந்திணை. குறுந்தொகை 17 சொல்லோடு நிற்கிறது. கலித்தொகையின் நெய்தற்கலிப் பகுதியில் தலைவன் நிஜமாகவே ஏறிவிடுகிறான்.

பெண் மடலேறும் மரபு இல்லை என்றும் தொல்காப்பியம் சொல்கிறது. குறள் 1137 அதையே பெண்ணின் பெருமையாக்குகிறது. திருமங்கையாழ்வார் தம் இரண்டு திருமடல்களிலும் அதை மீறி நாயகியாக நின்று மடலேறத் துணிகிறார். ஆனால் அங்கே காதலன் பெருமாள்.

———

அழிவு ஏறியவனுக்கு மட்டும் என்று படித்தால் பாதிதான் படித்தோம். தெருவில் அவன் பாடுவது அவளை. அலர், அதாவது ஊரார் பழிப்பேச்சு, விழுவது அவள் வீட்டின்மேல். கலித்தொகை 141-ஐப் பாருங்கள்: பாண்டியனுக்குப் பகைவர் திறை (கப்பம்) கட்டுவதுபோல உறவினர் அவளைக் கொடுத்துவிடுகிறார்கள். திறைப்பொருளிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அந்த உவமையைப் போட்ட புலவருக்கு இது தெரிந்தே இருக்கும் என்று நினைக்கிறேன்.

குறுந்தொகை 182-ஐ மடல் பாடிய மாதங்கீரனார் என்ற பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். அதில் அவன் மணியும் மாலையும் பூட்டி, எலும்பு அணிந்து, பிறர் எள்ள, நாணத்தை விட்டுத் தெருவில் போக வேண்டியதாகுமோ என்கிறான். காரணம் ஒரே சொல், அவளைப் பற்றியது: ‘மெலிந்திலள்’. தூது போயும் அவள் இளகவில்லை.