மறு: 'சமசாய்வுக் கோடு' சரியா? – புள்ளிவழி இணைகோடு

வணக்கம் நண்பர்களே,

கொடுத்த கோட்டுக்கு இணையாக, கொடுத்த புள்ளி வழியே செல்லும் கோட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் வந்த ஒரு கருத்து:

> 'சமசாய்வுக் கோடு' என்று வைத்துவிடலாமே. சாய்வு ஒன்றானால் இணைகோடு, அவ்வளவுதானே?

அங்கேதான் எனக்குத் தயக்கம். எக்ஸ் = 4 என்ற கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிலைக்குத்தாக நிற்பதால் அதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை. ஆனாலும் (−1, 6) வழியாக அதற்கு இணையாக எக்ஸ் = −1 என்று ஒரு கோடு இருக்கத்தானே செய்கிறது? சாய்வை வைத்துப் பெயர் கட்டினால் இது விடுபட்டுப்போகும். தவிர, இலங்கைப் பாடநூல்களில் சாய்வுக்குப் 'படித்திறன்' என்று பெயர்.

என் பரிந்துரை: புள்ளிவழி இணைகோடு. 'இந்தப் புள்ளி வழிச் செல்லும்' என்று கணக்கில் நாம் ஏற்கெனவே எழுதுவதுதான், புதிதாக எதையும் திணிக்கவில்லை. இலங்கையில் 'புள்ளிவழிச் சமாந்தரக் கோடு' என்றாலும் முதல் பாதி அப்படியே நிற்கும்.

சரி, கோட்டின் சமன்பாட்டில் கடைசியாக வரும் எண்ணுக்கு என்ன பெயர்? 3எக்ஸ் − 4ஒய் + 7 = 0 என்ற கோட்டுக்கு இணையாக (2, 5) வழிச் செல்லும் கோடு வேண்டும். 3, −4 இரண்டும் திசையைச் சொல்பவை, அவற்றைத் தொட வேண்டாம். 7-ஐ எடுத்துவிட்டு அங்கே தெரியாத ஓர் எண்ணை வைத்துப் புள்ளியைப் பிரதியிட்டால் 6 − 20 + அந்த எண் = 0. ஆக எண் 14; கோடு 3எக்ஸ் − 4ஒய் + 14 = 0. சாய்வைக் கணக்கிடவே தேவையில்லை, நிலைக்குத்துக் கோட்டுக்கும் இதே வழி செல்லும்.

இதை 'மாறிலி' என்று மட்டும் சொன்னால் மாணவர் குழம்புகிறார். ஒரு கோட்டுக்குள் மாறாத அதே எண்தான் இணைகோட்டுக்கு இணைகோடு மாறுகிறது. திசை ஒன்றாக இருக்க, கோடு எங்கே கிடக்கிறது என்பதைக் குறிப்பதால் 'இடங்குறி எண்' எனலாமா? 'இடமதிப்பு' வேறு பொருளில் வழங்குவதால் அந்தப் பக்கம் போகவில்லை.

——

மறுமொழி:

புள்ளிவழி இணைகோடு எனக்குச் சம்மதம். வரையறையில் 'கோட்டின் மேல் அமையாத புள்ளி' என்று கட்டாயம் சேருங்கள். மேலேயுள்ள 3எக்ஸ் − 4ஒய் + 7 = 0 கோட்டுக்கே (−1, 1) என்ற புள்ளியைக் கொடுத்துப் பாருங்கள்: −3 − 4 + எண் = 0, எண் 7. கொடுத்த கோடே திரும்ப வருகிறது. இணைகோடுகள் பற்றிக் கணிதவியலாளர் ஜான் பிளேஃபேர் பெயரால் இன்று வழங்கும் அடிகோளிலும் புள்ளி கோட்டுக்கு வெளியேதான்; அதன் வழியே ஒன்றுக்கு மேல் இணைகோடு வராது என்பதால் பெயரில் புள்ளியை முன்னே வைத்தது பொருத்தம்.

'இடங்குறி எண்' குறித்து ஒரு திருத்தம். சமன்பாடு முழுவதையும் 2-ஆல் பெருக்கினால் 14 என்பது 28 ஆகிறது, கோடோ நகரவில்லை. எனவே 'எக்ஸ், ஒய் கெழுக்களை மாற்றாமல் வைத்திருக்கும்போது' (இங்கே எக்ஸ், ஒய் முன் வரும் 3, −4) என்ற நிபந்தனையோடு பதிவு செய்வோம்.