முன்மதிலை இடித்தேன், கவுன்சில் கடிதம் வந்துவிட்டது: என்ன செய்வது?

தக்கலைத் தம்பி:
நாங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வந்து பத்து மாதங்கள் ஆகின்றன. வாங்கிய பழைய வீட்டின் முன்னால் முழங்கால் உயரத்தில் ஒரு செங்கல் சுவர் இருந்தது. ஊரில் உள்ளதுபோல் ஆளுயர மதில் எழுப்பலாம் என்று அதை இடித்து, முளையடித்து நூல் கட்டிய மூன்றாம் நாள், இப்பணி குடியிருப்புப் பகுதியின் தன்மைக்கு ஒவ்வாதது என்றும் 14 நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும் என்றும் கவுன்சிலிடமிருந்து (இங்கே உள்ளாட்சி அமைப்பு) கடிதம் வந்துவிட்டது. அப்பா இறந்தபின் தனியாக இருக்கும் அம்மா தை மாதம் வருகிறார்கள். அவர்களுக்குப் பின்புறம் ஒரு சிறு வீடு கட்ட ஒப்பந்தக்காரர் முன்பணம் கேட்கிறார். இரவில் தூக்கமில்லை. வழி சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் அண்ணன், லண்டன்:
தம்பி, இங்கே சாலையை ஒட்டிய மதில் 1 மீட்டரைத் தாண்டினாலே திட்ட அனுமதி வேண்டும். நான் வந்த முதல் குளிர்காலத்தில் நான்கு பேர் ஓர் அறையில் இருந்தோம். நாணயம் போட்டால்தான் மின்மீட்டர் ஓடும் என்பதால், இரவு இரண்டு மணிக்கு எழுந்து சட்டைப்பைகளைத் துழாவிய நாட்கள் உண்டு. அதை நினைத்தால் சொந்த வீட்டில் இருக்கும் உங்களுக்கு இது பெரிய துன்பமில்லை. வழக்கறிஞர் இல்லாமல் கடிதத்துக்குப் பதில் எழுதாதீர்கள்.

குளச்சல் அக்கா, டொரண்டோ:
வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி வீடு கட்டிவிடலாம். ஒரு மனையில் நான்கு வீடுகள் வரை கட்டலாம் என்று எங்கள் நகரவை 2023 மே மாதத்திலேயே முடிவு செய்துவிட்டது; அங்கேயும் விதிகள் தளரும். நாங்கள் ஜன்னல் இல்லாத நிலவறையில் ஏழு மாதம் கைக்குழந்தையோடு கிடந்தோம். அம்மாவுக்கு இடம் வேண்டுமென்றால் துணிந்து தொடங்குங்கள்.

கருங்கல் அண்ணன், சிட்னி:
தன்மை, தன்மை என்கிறார்களே, அது யாருடைய தன்மை? முன்னே வந்து வீடு வாங்கியவர்களின் தோட்டம் காக்கப்படுகிறது. பின்னே வந்தவர்கள் ஒன்றரை மணி நேரம் ரயிலில் போகும் தொலைவில் வாடகை கொடுக்கிறோம்.

வடசேரி அக்கா, நாகர்கோவில்:
வருத்தம் புரிகிறது, ஆனாலும் விதி மதிக்கப்படாத தெருவில் இருந்து பாருங்கள். எங்கள் வரிசையில் எல்லாம் திண்ணை வைத்த ஓட்டு வீடுகளாக இருந்தன. பக்கத்து வீட்டார் எல்லைக்கல்லை ஒட்டியே மூன்று மாடி எழுப்பியபின், எங்கள் கிணற்றடியில் பகல் பன்னிரண்டு மணிக்குக்கூட வெயில் விழுவதில்லை. கல்லில் பாசி பிடித்து அத்தை வழுக்கி விழுந்தார்கள்.

இரணியல் அக்கா, மெல்பர்ன்:
தம்பி, எந்த மாநிலம், எந்த மண்டலம் என்று நீங்கள் சொல்லவேயில்லை. லண்டன் விதியும் டொரண்டோ விதியும் உங்களுக்கு உதவாது.

தக்கலைத் தம்பி:
மன்னிக்கவும் அக்கா. மெல்பர்ன்தான். மனை 520 சதுர மீட்டர். கடிதத்தில் "நெய்பர்ஹுட் ரெசிடென்ஷியல் ஸோன்" (ஒரு வகைக் குடியிருப்பு மண்டலம்) என்று இருக்கிறது.

இரணியல் அக்கா:
அப்படியானால் அங்கே பொதுவாக 9 மீட்டர் உயரம், தரைத்தளத்தோடு சேர்த்து இரண்டு தளம் என்பதே வரம்பு. முதலில் அரசின் விக்பிளான் இணைய வரைபடத்தில் முகவரியைத் தட்டி, ஸோனுக்கு மேல் ஏதாவது ஓவர்லே, அதாவது கூடுதல் கட்டுப்பாடு, இருக்கிறதா என்று பாருங்கள். வீடு வாங்கும்போது விற்றவர் சொத்து விவரங்களோடு தந்த செக்‌ஷன் 32 ஆவணத்திலும் அது இருக்கும். ஹெரிட்டேஜ் (மரபுச்சின்னப் பாதுகாப்பு) ஓவர்லே இருந்தால், பழைய சுவரை இடித்ததற்கே அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதை மறைக்காமல் எழுதுவதே நல்லது. ஓவர்லே இல்லாவிட்டாலும், தெருவிலிருந்து 3 மீட்டருக்குள் எழுப்பும் முன்மதில் பொதுவாக 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெரிய சாலை என்றால் 2 மீட்டர். அதற்கு மேல் கட்ட கவுன்சிலின் தனி ஒப்புதல் வேண்டும்.

பின்வீட்டைப் பொறுத்தவரை உங்களுக்கு நல்ல செய்தி உண்டு. 2023 டிசம்பரில் வந்த மாற்றத்தின்படி, 300 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் 60 சதுர மீட்டர் வரையிலான ஒரு சிறு வீட்டுக்குப் பெரும்பாலும் பிளானிங் பெர்மிட் (திட்ட அனுமதி) தேவையில்லை. வெள்ளம், சுற்றுச்சூழல், மரபுச்சின்னம் தொடர்பான ஓவர்லே இருந்தால் நிலைமை வேறு. பில்டிங் பெர்மிட் (கட்டட அனுமதி) எப்படியும் வேண்டும், குழாய் எரிவாயு இணைப்பு கூடாது, அதைத் தனியாகப் பிரித்து விற்கவும் முடியாது. இவற்றை எழுத்தில் உறுதி செய்யும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். கடிதத்தில் கையெழுத்திட்ட அலுவலரை நாளைக்கே அழைத்து, இது விளக்கம் கேட்கும் கடிதமா, அமலாக்க அறிவிப்பா என்று கேளுங்கள். வேலையை நிறுத்திவிட்டேன் என்று சொல்லி, புகைப்படத்தோடு ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள்.

தக்கலைத் தம்பி:
விக்பிளானில் பார்த்துவிட்டேன் அக்கா, ஓவர்லே எதுவும் இல்லை. மாலையில் முளைகளைப் பிடுங்கி நூலைச் சுருட்டி வைத்தேன். எதிர்வீட்டுப் பாட்டி தன் தாழ்ந்த வேலிக்கு அப்பாலிருந்து கையசைத்தார். காலையில் அந்த அலுவலரை அழைக்கிறேன்.