புதுப்பிப்பு: 3-ஆம் நம்பர் ரீட் விவகாரம்

ஆல்டோ சாக்ஸபோனில் 2-லிருந்து நேராக 3-ஆம் நம்பர் ரீடுக்கு (ஊதும்போது அதிர்ந்து சத்தம் தரும் நாணல் பட்டை; நம்பர் கூடக் கூட கெட்டி) தாவினேன், காற்றுதான் வருகிறது, சத்தம் வரவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். 2½-க்கு இறங்குங்கள் என்றீர்கள். இறங்கினேன்.

முதல் வாரம் பெரிய வித்தியாசம் இல்லை. தப்பு என்னுடையதுதான். நான் பழகியது ரிக்கோ கம்பெனியின் ஆரஞ்சுப் பெட்டி. 2½-க்கு இறங்கியபோது வாங்கியது வாண்டோரன் கம்பெனியின் நீலப் பெட்டி. நம்பர் ஒன்றானாலும் வாண்டோரன் கொஞ்சம் கெட்டி. ரிக்கோவிலேயே 2½ வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

இப்போது சாக்ஸபோனின் ஆகக் கீழ் ஸ்வரமான அடி பி ஃபிளாட் இரண்டு முறைக்கு ஒரு முறையாவது ஒழுங்காகப் பேசுகிறது. 2-ஆம் நம்பரில் மேல் ஸ்தாயி டி-க்கு மேலே போனால் சுருதி தொங்கும், அது நின்றுவிட்டது. என் மவுத்பீஸ் (ரீடைப் பொருத்தி வாயில் வைக்கும் பகுதி) யமஹா 4சி, அதன் முனைக்கும் ரீடுக்கும் உள்ள இடைவெளி 1.6 மி.மீ.தான். இந்த இடைவெளி அகன்ற மவுத்பீஸுக்கு மாறினால் இதே ரீட் கனக்கும் என்பதால் அதை இப்போதைக்குத் தொடுவதாக இல்லை.

அப்புறம், ஒரே பெட்டியின் 10 ரீடில் நாலுதான் எனக்குச் சரிப்பட்டன. நாகஸ்வரக்காரர்கள் தங்கள் ரீடான சீவாளிகளைக் கொத்தாகத் தொங்கவிடுவது சும்மா இல்லை! அந்த நாலையும் பின்பக்கம் பென்சிலால் எண் போட்டு மாற்றி மாற்றி வாசிக்கிறேன். மிச்சம் இருக்கும் 3-ஆம் நம்பர் பெட்டி அலமாரியில் தூங்குகிறது.