புதுப்பிப்பு: 13 வயது மகளின் எடை – காரணம் தெரிந்தது

மார்ச்சில் இங்கே கேட்டிருந்தேன்: ஒரே வருடத்தில் மகளுக்கு 9 கிலோ கூடிவிட்டது, சாப்பாட்டைக் குறைத்தும் பலனில்லை, இது பரம்பரையா ஹார்மோனா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"எடையை விடுங்கள், உயரம் கூடுகிறதா பாருங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் வழிகாட்டியது. பிறந்தநாள்தோறும் வாசல் நிலையில் போடும் பென்சில் கோடுகளைப் பார்த்தேன். கடைசி இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்கூட இல்லை. அதிகம் சாப்பிட்டுப் பருமனாகும் பிள்ளைகள் பொதுவாக வயதுக்கு நல்ல உயரமாகவே இருப்பார்களாம். எடை ஏறி உயரம் நின்றால் ஹார்மோனைச் சந்தேகிக்க வேண்டும் என்றார் மருத்துவர். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் ஏறும் ஹார்மோன்) 62 வந்தது, மிக அதிகம். ஆன்டிபாடியும் இருந்தது; ஹாஷிமோட்டோ, அதாவது உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய். என் அம்மாவுக்கும் தைராய்டு உண்டு, ஆகப் பரம்பரையும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது.

சிலர் சொன்ன எம்சி4ஆர் (பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு) சோதனை தேவைப்படவில்லை. அந்தக் கோளாறென்றால் சின்னக் குழந்தையிலேயே அடங்காத பசி இருக்கும்.

இப்போது தினமும் காலை வெறும் வயிற்றில் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பால். எதிர்பாராதது என்னவென்றால், ஆறு மாதத்தில் 3 கிலோதான் குறைந்தது. தைராய்டால் ஏறுவதில் பெரும்பகுதி நீரும் உப்பும்தானாம்; மீதிக்குச் சாப்பாடும் ஓடியாடுவதும்தான். ஆனால் உயரம் 4 செ.மீ. கூடியிருக்கிறது. "வாயைக் கட்டு" என்று இத்தனை நாள் திட்டியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.