பொரியை எப்படி அளக்கிறீர்கள்?
அம்மாவுக்குச் சர்க்கரை. மாலை டீயோடு பொரி வேண்டும். மருத்துவமனையில் "ஒரு கப் போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்தக் கப், தளரவா, தட்டியா? 240 மில்லி கப்பில் பொரி சுமார் 14 கிராம்தான் பிடிக்கும், 55 கலோரி சொச்சம். ஆனால் கப்பை லேசாகக் குலுக்கினால் பொரி இறங்கி, மேலே இன்னொரு கைப்பிடி ஏறிவிடுகிறது. எங்கள் வீட்டுத் தராசு காய்கறிக்கானது. பொரியை வைத்தால் முள் அசையவே மாட்டேன் என்கிறது.

கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு வாங்கினால் இவ்வளவு லேசான பொருளுக்குச் சரியாகக் காட்டுமா? இல்லை, 200 கிராம் பாக்கெட்டைப் பிரித்ததும் பதினான்கு டப்பாவில் சமமாகப் போட்டுவிடலாமா? நமத்துப் போகாதா? பொட்டுக்கடலை கலந்தால் கணக்கே வேறு, அதை இப்போதைக்கு விடுங்கள். வீட்டில் அளந்து கொடுப்பவர்கள் சொல்லுங்களேன்.