முதல் கஸ்டம் வாட்டர் கூலிங்: தண்ணி 37, சிபியூ 95. என்ன கோளாறு?

வெக்கைநகர்:
வணக்கம். முதல் தடவையா கஸ்டம் லூப் (பாகங்களைத் தனித்தனியா வாங்கி நாமளே கோர்க்கிற வாட்டர் கூலிங்) போட்டிருக்கேன். சிபியூ ரைசன் 9 7950எக்ஸ், 360 மிமீ ரேடியேட்டர் ஒண்ணு, ரிசர்வாயரோட (தண்ணித் தொட்டி) சேர்ந்த டி5 பம்ப், 10/16 சாஃப்ட் டியூப். கிராபிக்ஸ் கார்டை லூப்ல சேர்க்கலை.

பிளெண்டர்ல (3டி சாஃப்ட்வேர்) ரெண்டர் தட்டினா சில செகண்ட்லயே சிபியூ 95 டிகிரி தொட்டுடுது. 5 கிகாஹெர்ட்ஸ்ல ஓட வேண்டியது 4.4-ல முனகுது. சும்மா இருக்கும்போதே 58. ஆனா ரிசர்வாயர்ல இருக்கிற சென்சார் 37-ஐத் தாண்ட மாட்டேங்குது. ரூம் 33 (சென்னை, ஏசி இல்லை). பம்ப் 4700 ஆர்பிஎம் காட்டுது, லீக் இல்லை. பழைய ஏர் கூலரே தேவலைன்னு இருக்கு.

திருகாணி:
பிளாக் (சிபியூ மேல உக்கார்ற, உள்ளே தண்ணி ஓடுற செப்புக் கட்டி) அடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் பேப்பரை உரிச்சீங்களா ப்ரோ? கோபப்படாதீங்க, பாதி கேஸ் அதுதான்.

வெக்கைநகர்:
உரிச்சாச்சு. கழட்டி, சிபியூவுக்கும் பிளாக்குக்கும் நடுவுல தடவுற தெர்மல் பேஸ்டும் மாத்திப் பார்த்துட்டேன். பேஸ்ட் தடம் நாலு மூலையிலயும் சீரா விழுந்திருக்கு. பிளாக்ல இன், அவுட்டும் குறிப்புல சொன்னபடிதான்.

கடலோரக்கணினி:
7950எக்ஸ் 95 போறது கோளாறே இல்லைங்க. அந்த எல்லை வரைக்கும் ஓடுற மாதிரிதான் ஏஎம்டி வடிவமைச்சிருக்காங்க. எந்தக் கூலர் போட்டாலும் இதே கதைதான்.

வாய்க்கால்:
பாதி சரி. 95-ல 5.1 ஓடினா கவலை வேண்டாம். 95-ல 4.4 ஓடினா, அதுவும் சும்மா இருக்கும்போது 58 காட்டினா, அது கோளாறுதான்.

தம்பி, ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. ரெண்டர் ஓடும்போது பிளாக்ல இருந்து வெளிய வர்ற டியூபை ஒரு கையாலயும், ரேடியேட்டர்ல இருந்து ரிசர்வாயருக்குத் திரும்புற டியூபை இன்னொரு கையாலயும் பிடிங்க. சூட்டுல வித்தியாசம் தெரியுதா? அடுத்து, டார்ச் அடிச்சு ரிசர்வாயர் அடியில ஏதாவது தூசி மாதிரி கிடக்குதான்னு பாருங்க.

வெக்கைநகர்:
நல்லாவே தெரியுது அண்ணா! பிளாக்ல இருந்து வர்றது சுடுது, திரும்புறது கிட்டத்தட்ட ரூம் சூடுதான். அடியில பழுப்பா, மெழுகு துணுக்கு மாதிரி கொஞ்சம் கிடக்கு.

வாய்க்கால்:
அப்போ பம்ப் சுத்துது, தண்ணி ஓடலை.

கணக்கு இதுதான். நிமிஷத்துக்கு 1 லிட்டர் தண்ணி ஓடினா, சுமார் 70 வாட்டுக்கு 1 டிகிரி சூடேறும். உங்க சிபியூ முழு வேகத்துல 230 வாட் வரைக்கும் இழுக்கும். நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஓடினா பிளாக்குக்கு முன்னும் பின்னும் 1 டிகிரிகூட வித்தியாசம் வராது, கையில தெரியவே தெரியாது. தெரியுதுன்னா ஓட்டம் அரை லிட்டருக்குப் பக்கத்துல இருக்கும். உங்க சென்சார் ரேடியேட்டர்ல ஆறி வர்ற தண்ணியைத்தான் அளக்குது, அதனாலதான் 37-ன்னு சமாதானம் சொல்லுது.

அந்தப் பழுப்புத் துணுக்கு அநேகமா ரேடியேட்டரைப் பற்றவைக்கும்போது உள்ள தங்கின ஃபிளக்ஸ் (பற்று நல்லா பிடிக்கத் தடவுற பசை). சிபியூ பிளாக்குக்குள்ள இருக்கிற செப்பு இதழ்களுக்கு நடுவுல முடி நுழையிற அளவுதான் இடைவெளி. சொட்டுநீர்க் குழாய்ல மண் அடைக்கிற மாதிரி, எல்லாக் குப்பையும் அங்கேதான் போய் நிக்கும்.

வெக்கைநகர்:
"கழுவித்தான் பேக் பண்றாங்க, அப்படியே மாட்டலாம்"னு கடையில சொன்னாங்களே!

வாய்க்கால்:
யார் சொன்னாலும் நம்பாதீங்க. டிஸ்டில்டு வாட்டரைச் சூடாக்கி ரேடியேட்டர்ல பாதி ஊத்தி, ரெண்டு வாயையும் அடைச்சு நல்லா குலுக்கி, வெள்ளைத் துணி வழியா வடிங்க. துணியில ஒண்ணும் ஒட்டாத வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யணும், தோள்பட்டை விட்டுப்போகும். பிளாக்கைத் திறக்கும்போது உள்ள இருக்கிற ஜெட் பிளேட் (தண்ணியை இதழ்கள் மேல திருப்பி விடுற தகடு) எந்தப் பக்கமா இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துக்கோங்க, திருப்பி மாட்டினா அதுவே தனிக் கோளாறு. மிருதுவான டூத் பிரஷ் போதும். நிக்கல் பூச்சு இருந்தா வினிகர் பக்கமே போகாதீங்க. ஓ-ரிங் பள்ளத்துல சரியா உக்காந்திருக்கணும்.

திருகாணி:
ரேடியேட்டர் செம்பா, அலுமினியமா? ரெடிமேட் கூலர்கள்ல வர்றது பெரும்பாலும் அலுமினியம். செப்பு பிளாக்கோட அதைச் சேர்த்தா அரிச்சு வெள்ளையா சேறு தங்கும்.

வெக்கைநகர்:
செம்பும் பித்தளையும்னு பெட்டியில போட்டிருக்கு. நிரப்ப பெட்ரோல் பங்க்ல விக்கிற பேட்டரி தண்ணி ஆகுமா? இல்லைன்னா வீட்டு ஆர்ஓ?

வாய்க்கால்:
ஆர்ஓ வேண்டாம், உப்பு கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். சீல் வச்ச பேட்டரி தண்ணியைக் கழுவ மட்டும் வச்சுக்கோங்க. நிரப்பறதுக்கு அரிப்புத் தடுப்பு, பாசி தடுப்பு ரெண்டும் கலந்த நிறமில்லாத கூலன்ட் வாங்குங்க. கலர் கூலன்ட் போட்டோவுக்கு அழகு, பிளாக்குக்குப் பகை.

நிரப்பும்போது மதர்போர்டுக்கு கரன்ட் போகக் கூடாது. 24 பின், சிபியூ 8 பின் ரெண்டையும் கழட்டிட்டு, பவர் சப்ளைக்கு ஜம்பர் பிளக் (மதர்போர்டு இல்லாமலே சப்ளையை ஆன் பண்றது) போட்டு பம்பை மட்டும் ஓட்டுங்க. வயர் எல்லாமே கறுப்பா இருக்கிற சப்ளையில 16-ஆம் பின்னையும் 17-ஆம் பின்னையும் தேடி கிளிப் சொருகறதுக்கு, பிளக் வாங்கிடறது மேல். பம்ப் வறட்டா ஓடக் கூடாது. ரிசர்வாயர் காலியாகப் போகுதுன்னா உடனே நிறுத்துங்க. ஒவ்வொரு ஃபிட்டிங் அடியிலயும் டிஷ்யூ வச்சு, ராத்திரி முழுக்க ஓடட்டும்.

வெக்கைநகர்:
முடிச்சாச்சு. பிளாக் இதழ்ல பாதிக்கு மேல பழுப்பு அடைச்சிருந்துச்சு. ரேடியேட்டர்ல இருந்தும் துணி முழுக்க வந்துச்சு. இப்போ சும்மா இருக்கும்போது 45, ரெண்டர்ல 89, கிளாக் 5.1. தண்ணி 41. ரெண்டு டியூபும் ஒரே சூடு. இன்னும் குறைக்க வழி உண்டா?

கடலோரக்கணினி:
33 டிகிரி ரூம்ல தண்ணி அதுக்குக் கீழ போகவே போகாது, 41 நியாயமானதுதான். பயாஸ்ல ஈகோ மோட் (சிபியூ இழுக்கிற கரன்ட்டுக்கு வரம்பு வைக்கிறது) 105 வாட் வச்சுப் பாருங்க. சிபியூ இழுக்கிறது 230-ல இருந்து 142-க்கு இறங்கும், ரெண்டர் நேரம் அந்த அளவுக்குக் கூடாது.

வாய்க்கால்:
அதோட பம்பை 4700-லயே ஓட விடாம 3000-க்கு இறக்குங்க. சத்தம் போயிடும், சூடு 1, 2 டிகிரி ஏறினா பெரிசு. முதல் ஒரு மாசம் ரிசர்வாயர் அடியை டார்ச் அடிச்சுப் பாருங்க. திரும்ப பழுப்பு தெரிஞ்சா தண்ணியை இறக்கி ரேடியேட்டரை இன்னொரு தடவை குலுக்க வேண்டியதுதான்.