ட்ரைபொட்டில் (முக்காலித் தாங்கியில்) வைத்தால் ஸ்டெபிலைசரை அணைக்க வேண்டுமா? (மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்து இரவுப் படம்)

கல்லடியான்:
நேற்று ஒருவர் இங்கே, "25 விநாடி ஒளியை உள்ளே விட்டு எடுக்கும் படத்துக்கும் ஸ்டெபிலைசர் (கை ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி) ஓடலாம், புது லென்ஸ் தானாகப் புரிந்துகொள்ளும்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கூடவே புதுப்பாலத்தில் நின்று எடுத்த பழைய கல்லடிப் பாலத்தின் படம். இரும்புச் சட்டமெல்லாம் இரட்டையாகத் தெரிகிறது. இதைப் பார்த்தா பழகப்போகிற பிள்ளைகள் படிக்க வேண்டும்? ட்ரைபொட்டில் ஏற்றியதும் ஸ்டெபிலைசரை அணைக்க வேண்டும். அசைவே இல்லாத இடத்தில் அது அசைவைத் தேடித் தேடி லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே இருக்கும்.

மருதமுனை_நானா:
அந்த "ஒருவர்" நான்தான் தம்பி, பெயரைச் சொல்லியே எழுதலாம். நீங்கள் சொல்வது பழைய லென்ஸுக்குப் பொருந்தும். இப்போது வருகிற பல லென்ஸ்கள் ட்ரைபொட்டில் இருப்பதைக் கண்டுபிடித்துத் தாமே அடங்கிவிடும். நான் அணைப்பதே இல்லை.

கல்லடியான்:
"பல லென்ஸ்கள்" என்றால் எல்லா லென்ஸும் இல்லையே நானா. அணைக்க ஒரு விரல் போதும். அதைச் செய்யாமல் இருப்பதில் என்ன பெருமை?

வாவிக்கரை:
இரண்டு பேரும் பாலத்தை மறந்துவிட்டீர்கள். புதுப்பாலத்தில் லொறியும் பஸ்ஸும் போகும்போது காலடியே அதிரும், அந்த அதிர்வு ட்ரைபொட் கால் வழியாகக் கெமராவுக்கு வரும். பட்டனை அழுத்தும்போது வரும் ஆட்டம் ஓரிரு விநாடியில் அடங்கிவிடும், 25 விநாடிப் படத்தின் இருட்டான பகுதிகளில் அது தெரியவே தெரியாது. தெருவிளக்கு அப்படியில்லை. அரை விநாடி ஆடினாலும் கோடாகப் பதிந்துவிடும். வாவிக்கரையில் இறங்கிக் கால்களை மண்ணில் அழுத்தி ஊன்றுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். 2 விநாடி டைமர் போடுங்கள்.

கல்லடியான்:
நல்லது. ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டுத்தானே?

அக்கரைப்பற்று_ஜூனியர்:
ஒரு சந்தேகம். கூர்மை இல்லை என்று எதைச் சொல்கிறீர்கள்? கெமரா அசைந்ததையா, போகஸ் தவறியதையா? அந்தப் படத்தில் முன்னால் இருக்கும் கைப்பிடி தெளிவாக இருக்கிறது, பாலம்தான் மங்கல். இருட்டில் ஆட்டோபோகஸ் கைப்பிடியைப் பிடித்திருக்கும் போல. நான் லைவ் வியூவில் (கெமராவின் பின்திரையில்) தூரத்து விளக்கைப் பெரிதாக்கி, கையால் போகஸ் செய்து, ஆட்டோபோகஸை நிறுத்திவிடுவேன்.

கல்லடியான்:
தம்பி, போகஸ் கதையை மறுகா பார்ப்போம். இப்போது பேச்சு ஸ்டெபிலைசர் பற்றி.

மருதமுனை_நானா:
சரி, உங்கள் பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் படத்தில் நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக இருந்ததே, அது எதனால்? அன்றைக்கு நான் ஒரு கேள்வி கேட்டதற்கு என் கருத்தையே அழித்துவிட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை.

கல்லடியான்:
கருத்தை அழித்தது நான் இல்லை. கோடு விழுந்தது பூமி சுற்றுவதால். நட்சத்திரம் கோடாகாமல் எத்தனை விநாடி எடுக்கலாம் என்று அறிய, 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் (மில்லிமீட்டரில்) வகுக்க வேண்டும். 24 மிமீக்கு 21 விநாடி போல வரும். நான் 30 வைத்தேன், வேண்டுமென்றே வைத்தேன், 1913இல் கட்டிய அந்தக் கட்டடம் வெளிச்சமாகப் பதிய வேண்டும் என்று. கட்டடம் கூர்மையாக வந்ததா இல்லையா? வந்தது. ஏன்? அணைத்திருந்தேன்!

பொத்துவில்_அலை:
அரைகுறையாகச் சொல்லாதீர்கள். சிறிய சென்சர் (படம் பதியும் சில்லு) உள்ள கெமராவுக்கு அதை 1.5ஆல் மறுபடியும் வகுக்க வேண்டும், 14 விநாடிதான் மிஞ்சும். ஒரையன் மாதிரி நம் தலைக்கு மேலால் போகிற நட்சத்திரங்கள் வானத்தில் வேகமாக நகர்பவை, அவற்றுக்கு 14 கூட அதிகம். அறுகம்பேயில் எடுப்பவர்களுக்கு இது தெரியும். அப்புறம், லென்ஸின் துளையை எஃப் 22 என்று மிகச் சிறிதாக வைத்துவிட்டுப் படம் மழுங்குகிறது என்று அழுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். எஃப் 8, மிஞ்சினால் எஃப் 11.

கல்லடியான்:
நான் முழுச் சென்சருக்கு (35 மிமீ பிலிம் அளவுள்ளது) சொன்னேன்.

மருதமுனை_நானா:
முழுச் சென்சர் வாங்கியதை எத்தனை தரம் சொல்வீர்கள்? மட்டக்களப்பில் கண்காட்சி வைத்தால் கல்முனைப் பக்கத்து ஆட்களைக் கூப்பிடுவதும் இல்லை. பாடம் எடுக்க மட்டும் வந்துவிடுவீர்கள்.

வாவிக்கரை:
கண்காட்சிக்கு நானும்தான் போகவில்லை, நான் கல்லடிதான். அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? லொறி போகும்போது எடுத்தீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள் நானா.

மருதமுனை_நானா:
லொறி எதுவும் போகவில்லை.

வாவிக்கரை:
புதுப்பாலத்தில், 25 விநாடிக்கு, ஒன்றுமே போகவில்லையா?

கல்லடியான்:
லொறியை விடுங்கள். நானா, அதே இடத்தில் அணைத்து ஒரு படம், ஓடவிட்டு ஒரு படம் எடுத்துப் போடுங்கள். நூறு வீதம் பெரிதாக்கிப் பார்ப்போம்.

மருதமுனை_நானா:
என் லென்ஸில் அதற்குச் சுவிட்ச் இல்லை. கெமரா மெனுவுக்குள் போக வேண்டும்.

கல்லடியான்:
அப்போ மெனுவுக்குள் போய் அணையுங்கள்.

மருதமுனை_நானா:
தேவையில்லை என்று எத்தனை தரம் சொல்வது?

அக்கரைப்பற்று_ஜூனியர்:
கைப்பிடி மட்டும் ஏன் தெளிவாக இருக்கிறது?

கல்லடியான்:
தேவை நானா. அதே லென்ஸ் என்னிடமும் இருக்கிறது, அதையும் அணைத்துத்தான் எடுக்கிறேன். என் படத்தை இன்றிரவு போடுகிறேன், பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.